யுகுலேலேவுக்கு ஒரு பலகை

ஏழு மாதம் காத்திருந்து வந்த பெட்டி. பிரித்ததும் வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு கணம் பேச்சை நிறுத்திவிட்டார்கள். தேன் நிறத்தில், வெளிச்சத்தில் சாய்க்கும்போதெல்லாம் பட்டுச் சேலையின் மடிப்பைப் போல அலையடிக்கும் கோஆ மரத்தில் ஒரு டெனர் யுகுலேலே. இதை எழுதுபவர் சொல்லிச் செய்வித்த முதல் கருவி அது. சுருதி சேர்த்து மீட்டினார். சத்தம் வந்தது, கார்வை வரவில்லை. தந்தியை விட்டு விரலை எடுப்பதற்குள் ஒலி அமுங்கிப் போனது. சமையலறைத் தராசில் வைத்துப் பார்த்தார்: 840 கிராம். அதுவரை வாசித்துக்கொண்டிருந்த சாதாரண மஹோகனி டெனர் 610 கிராம்தான்.

செய்தவரின் கைவேலையில் குறை சொல்ல முடியாது. இணைப்புகள் அத்தனை நேர்த்தி. பிசகு, ஆர்டர் கொடுத்த விதத்தில் இருந்தது. ஒரு புகைப்படத்தை அனுப்பி, "இதே மாதிரி அலைரேகை வேண்டும்" என்று கேட்டதோடு சரி. எப்படிப்பட்ட ஒலி வேண்டும், எங்கே வாசிக்கப் போகிறோம், எந்த ஊர்க் காற்றில் கருவி இருக்கப் போகிறது என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. செய்தவரும் கேட்கவில்லை. மரத்தை இருவரும் கண்ணால் மட்டுமே தேர்ந்தெடுத்தார்கள்.

அலைரேகைக்கும் அமுங்கிய ஒலிக்கும் உள்ள தொடர்பு பிறகுதான் புரிந்தது. நார்கள் நேராக ஓடும் பலகை, நீளவாக்கில் விறைப்பாக நிற்கும். அலைரேகை என்பது நார்கள் மேலும் கீழுமாக நெளிந்து ஓடுவதால் உண்டாகும் தோற்றம். நெளிய நெளிய விறைப்பு குறைகிறது. அந்தக் குறையை ஈடுகட்டப் பலகையைச் சற்றுத் தடிமனாக விடுகிறார்கள். எடை ஏறுகிறது. பெரிய கிட்டாருக்கு அது ஒரு பொருட்டல்ல. யுகுலேலேவுக்கு அதுதான் எல்லாம்.

ஏனென்றால் இந்தக் கருவியிடம் இருக்கும் சக்தி மிகக் குறைவு. எஃகுத் தந்தி கிட்டாரில் ஆறு தந்திகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுக்கின்றன. யுகுலேலேவில் இருப்பவை நான்கு நைலான் இழைகள். இழுவிசை அதைவிட மிகக் குறைவு. வழக்கமான சுருதியில் அதன் மிகத் தாழ்ந்த ஒலியே பியானோவின் நடு ‘சி’, அதாவது விநாடிக்கு ஏறக்குறைய 262 அதிர்வு. தாழ்ந்த சுரங்கள் தரும் முழக்கம் இதற்குக் கிடையாது. இருக்கிற சிறிய விசையை வீணாக்காமல் காற்றுக்குக் கொடுக்க வேண்டியது குதிரையைத் தாங்கி நிற்கும் மேல்பலகை. டெனரில் அது பெரும்பாலும் 2 மில்லிமீட்டர்தான், பல நேரம் அதைவிடவும் மெலிது. இங்கே ஒரு கணக்கு நினைவில் இருக்கட்டும்: பலகையின் விறைப்பு அதன் தடிமனின் மும்மடிப் பெருக்கத்தைப் பொறுத்தது. தடிமன் பத்தில் ஒரு பங்கு குறைந்தால் விறைப்பு 27 விழுக்காடு குறைந்துவிடும். ஒரு பட்டறைக்காரர் இழைப்புளியால் இரண்டு முறை கூடுதலாக இழைப்பதும் இழைக்காமல் விடுவதும், மர வகையை மாற்றுவதை விடப் பெரிய மாற்றத்தைத் தரக்கூடும்.

யுகுலேலேவுக்குக் கோஆதான் மரம் என்ற எண்ணம் வந்த வழியும் தெரிந்துகொள்ளத்தக்கது. 1879 ஆகஸ்டில் போர்த்துக்கல்லின் மதேரா தீவிலிருந்து ரேவன்ஸ்கிராக் என்ற கப்பல் ஹொனலூலு வந்து சேர்ந்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஒப்பந்தக் கூலிகளாக வந்தவர்கள் அதில் இருந்தார்கள். மானுவல் நூனெஸ், அகுஸ்டோ டியாஸ், ஜோசே டோ எஸ்பிரிட்டோ சாண்டோ என்ற மூவர் மேசை, அலமாரி செய்யும் தச்சர்கள். தங்கள் தீவின் சின்ன நாலு தந்திக் கருவியான மஷேட்டை அவர்கள் ஹவாயில் கிடைத்த மரத்தில் செய்யத் தொடங்கினார்கள். கிடைத்த நல்ல மரம் கோஆ. ஹவாய் மக்கள் கடலோடும் தோணிகளைக் குடைந்த அதே மரம். உலகில் வேறெங்கும் இயற்கையாக வளராதது. அரசர் கலாகௌவாவுக்கு அந்தக் கருவி பிடித்துப்போக, அரண்மனை விருந்துகளிலும் அது ஒலித்தது. ஆக, கோஆவைத் தேர்ந்தது எந்த ஒலி ஆராய்ச்சியும் அல்ல. கைக்கு எட்டிய நல்ல மரத்தைத் தச்சர்கள் எடுத்தார்கள்.

கைக்குப் பழகிய மரத்தை எடுத்துத் தோற்றவர்களும் உண்டு. அமெரிக்காவின் மார்ட்டின் நிறுவனம் 1907இல் யுகுலேலே செய்து பார்த்தது. கிட்டாருக்கு வழக்கமான ஸ்ப்ரூஸ் மேல்பலகை, கிட்டாரைப் போலவே உறுதியான உள்சட்டங்கள். ஒலி எழும்பவில்லை, வாங்குவாரில்லை. ஏறக்குறைய பத்தாண்டு கழித்து மெல்லிய மஹோகனியில், இலேசான சட்டங்களோடு செய்தபோதுதான் விற்பனை பிய்த்துக்கொண்டு போனது. ஸ்ப்ரூஸ் ஆகாத மரம் என்று இதற்குப் பொருளல்ல. இன்று அருமையான ஸ்ப்ரூஸ் யுகுலேலேக்கள் எத்தனையோ வருகின்றன. அந்த மரத்தைக் கிட்டாருக்கு இழைப்பது போல இழைத்ததுதான் பிழை.

இரண்டாவது கருவிக்கு எழுதுபவர் புகைப்படம் அனுப்பவில்லை. நேரில் போனார். ஹவாயின் பெரிய தீவில், ஹீலோ ஊருக்கு வெளியே, தகரக் கூரை போட்ட சின்னப் பட்டறை. நடத்துபவர் அறுபதைக் கடந்தவர், மகள்தான் உதவி. ஆண்டுக்கு இருபது கருவிக்கு மேல் செய்வதில்லை. போன உடனே அவர் கேட்டது மரத்தைப் பற்றி அல்ல. "முதலில் வாசியுங்கள்" என்றார். பத்து நிமிடம் கேட்டார். விரலால் மீட்டுகிறாரா, நகத்தாலா, தனியாக மெட்டு எடுக்கிறாரா, பாட்டுக்குப் பின்னணியாக வாசிக்கிறாரா என்று கவனித்துக்கொண்டே இருந்தார். அதன் பிறகுதான் பரணிலிருந்து ஐந்து பலகைகளை இறக்கினார். ஐந்தும் கோஆ. அவற்றில் இரண்டு ஒரே மரத்தின் அடுத்தடுத்த பலகைகள்.

"கண்ணை மூடிக்கொண்டு தட்டிப் பாருங்கள்."

பலகையின் ஒரு முனையிலிருந்து நீளத்தில் ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு தள்ளி, ஓரத்தை இரு விரலால் தொங்கவிட்டாற்போலப் பிடிக்க வேண்டும். அதிரும்போது அசையாமல் நிற்கும் இடம் அது; அங்கே பிடித்தால் அதிர்வு தடைபடாது. பிறகு நடுவில் விரல் மூட்டால் தட்ட வேண்டும். முதல் பலகை ‘டொக்’ என்று நின்றது. இரண்டாவது பரவாயில்லை. மூன்றாவது, வெண்கலக் கிண்ணத்தைத் தொட்டது போல ஒலித்து, மெல்லத் தேய்ந்து அடங்கியது. கண்ணைத் திறந்து பார்த்தால், ஐந்திலும் அழகில் கடைசி அதுதான். ரேகை நேர்கோடாக, வெறும் பழுப்பு. அலங்காரம் ஒன்றும் இல்லை. அதன் உடன்பிறப்பான பலகை, அதே மரம், அதே ஆண்டு அறுத்தது, அத்தனை தெளிவாக ஒலிக்கவில்லை. மர வகையின் பெயரைக் கேட்டு ஒலியைச் சொல்லிவிட முடியாது என்பது எழுதுபவருக்கு உறைத்தது அந்த இடத்தில்தான்.

தட்டுவது பாதிப் பரீட்சை. மீதியைப் பட்டறைக்காரர் ஒவ்வொன்றாகச் செய்து காட்டினார். பலகையின் வெட்டுமுகத்தைப் பார்க்கச் சொன்னார்: வளர்ச்சி வளையக் கோடுகள் பலகையின் முகத்துக்குச் செங்குத்தாக நிற்க வேண்டும். சாய்ந்து படுத்திருந்தால் ஈரத்துக்கு ஏற்பக் கூடுதலாக விரிந்து சுருங்கும், கோணிக்கொள்ளும். இரு கையால் நீளவாக்கில் வளைத்து, பிறகு குறுக்குவாக்கில் வளைத்துப் பார்க்க வேண்டும். எடை குறைவாகவும் விறைப்பு அதிகமாகவும் இருப்பதே மேல்பலகைக்கு உகந்தது. அதற்கப்புறம் ரேகை ஓட்டம். ஒரே பலகையைக் கனத்தில் இரண்டாகப் பிளந்து, புத்தகத்தைத் திறப்பது போல விரித்து ஒட்டுவதுதான் வழக்கம். ஒட்டியபின் ஒரு பாதி வெளிறியும் மறு பாதி கறுத்தும் தெரிந்து, கருவியைத் திருப்பினால் நிறம் இடம் மாறினால், நார்கள் பலகையின் முகத்துக்கு இணையாக ஓடாமல் உள்நோக்கிச் சாய்ந்து வெளியேறுகின்றன என்று பொருள். அப்படிப்பட்ட பலகையில் விறைப்பு குறைவு, பிளவும் எளிதில் விழும். விலை உயர்ந்த கருவிகளிலும் இது உண்டு. கடையில் ஒரு யுகுலேலேவை வாங்குபவர்கூட இதை அரை நிமிடத்தில் சோதித்துவிடலாம்.

அலைரேகை வேண்டவே வேண்டாமா? வேண்டும் என்றால் முதுகுக்கும் பக்கங்களுக்கும் வையுங்கள். அங்கே அது கெடுதல் செய்யாது. இதைச் சொல்ல நல்ல ஆதாரமும் இருக்கிறது. 2018இல் இங்கிலாந்தின் லங்காஸ்டர் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரே கைவினைஞர், ரோஜர் பக்னல், ஆறு கிட்டார்கள் செய்தார். முதுகும் பக்கமும் மட்டும் வேறுவேறு மரம்: பிரேசில் ரோஸ்வுட், இந்திய ரோஸ்வுட், மஹோகனி, மேப்பிள், சப்பேலி, வால்நட். மங்கிய அறையில், வெல்டிங் கண்ணாடி அணிந்து 52 கிட்டார் கலைஞர்கள் வாசித்துப் பார்த்தார்கள். விலை மதிப்பில் மலைக்கும் மடுவுக்குமான வேறுபாடு உள்ள அந்த மரங்களிடையே ஒலித்தரத்தில் குறிப்பிடும்படியான வேற்றுமை எதையும் அவர்கள் காணவில்லை. இதற்கு 156 ஆண்டுக்கு முன்பே, 1862இல், ஸ்பெயினின் புகழ்பெற்ற கிட்டார் கைவினைஞர் அன்டோனியோ டி டோரஸ் முதுகையும் பக்கங்களையும் காகிதக் கூழில் செய்து, மேல்பலகையை மட்டும் நல்ல மரத்தில் வைத்துக் காட்டினார். அந்தக் கருவி பார்சிலோனா இசை அருங்காட்சியகத்தில் இருக்கிறது. கிட்டாரில் கண்ட முடிவை அப்படியே யுகுலேலேவுக்குப் பொருத்த முடியாதுதான். ஆனாலும் பணத்தை எந்தப் பலகையில் போடுவது என்ற கேள்விக்கு இவை திசை காட்டுகின்றன. முதலில் மேல்பலகை.

மேல்பலகைக்கு எது என்று கேட்டால், பொதுவாக இவ்வளவு சொல்லலாம். மஹோகனி இலேசானது, நடுச்சுரங்களில் இதமானது, குரலோடு சண்டை போடாது. பாடிக்கொண்டே வாசிப்பவருக்கு எழுதுபவர் முதலில் சொல்வது அதைத்தான். ஸ்ப்ரூஸ் கூர்மையாகவும் உரக்கவும் பேசும், தனி மெட்டு எடுப்பவருக்கு ஏற்றது. செடாரும் ரெட்வுட்டும் மெத்தென்று, மெல்லத் தொட்டாலே பேசும். ஆனால் நகம் பட்டால் தழும்பு விழும் அளவுக்கு மென்மையானவை. கோஆ மஹோகனிக்கும் ஸ்ப்ரூஸுக்கும் நடுவில் எங்கேயோ நிற்கிறது. எங்கே என்பதைப் பலகைதான் சொல்லும்.

ஹீலோ பட்டறையின் பின்பக்கம் எழுதுபவருக்கு ஒரு வியப்பு காத்திருந்தது. சுவரில் சாய்த்து வைத்திருந்த மரங்களில் பாதி, தமிழ்நாட்டுத் தெருவில் நிற்பவை. ‘மைலோ’ என்று ஹவாயில் சொல்வது நம் பூவரசு. இலையைச் சுருட்டிப் பீப்பி ஊதிய அதே மரம். வைரம் செம்பழுப்பில், வழவழப்பாக, எண்ணெய் பூசியது போல் இருக்கும். ஹவாயில் காலங்காலமாக அதில் உண்கலம் கடைந்தார்கள், இன்று யுகுலேலேவும் செய்கிறார்கள். ‘மங்கிபாட்’ என்பது நம் தூங்குமூஞ்சி மரம். மாமரத்தைச் சொல்லவே வேண்டாம். வீட்டு முற்றத்தில் பட்டுப்போய்ச் சாய்த்த மாமரங்கள் அங்கே பட்டறைக்கு வருகின்றன. பூஞ்சை ஊடுருவிக் கறுப்புக் கோடு வரைந்த மாம்பலகைக்குத் தனி மதிப்பு. நம் ஊரில் அதே கோடு விழுந்த மரத்தை விறகுக்குத் தள்ளிவிடுவோம்.

கோஆவுக்கும் இந்த மண்ணுக்கும் ஒரு சுற்றுவழி உறவு உண்டு. அதன் மிக நெருங்கிய இனங்களில் ஒன்று ஆஸ்திரேலிய பிளாக்வுட். 19ஆம் நூற்றாண்டில் பிரிட்டிஷார் நீலகிரிக்குக் கொண்டுவந்து நட்ட ஆஸ்திரேலியச் சீகை வகைகளில் அதுவும் அடக்கம். மேட்டன் போன்ற ஆஸ்திரேலிய நிறுவனங்கள் அதில் கிட்டார் செய்கின்றன. இன்னொரு நெருங்கிய உறவு இந்தியப் பெருங்கடலின் ரெயூனியன் தீவில் இருக்கிறது. தமிழர் வழிவந்தோர் நிறைந்த அந்தத் தீவில் அதை ‘மலைப்புளி’ என்று பொருள்படும் பிரெஞ்சுப் பெயரால் அழைக்கிறார்கள். உலகத்தின் மறுபக்கத்து ஹவாயிலிருந்து அதன் விதை ரெயூனியனுக்கு வந்து சேர்ந்திருக்க வேண்டும் என்று 2014இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. கோஆ கிடைக்கவில்லை, விலை கட்டவில்லை என்றால் பிளாக்வுட்டைக் கேளுங்கள். ஏமாற்றம் இராது.

விரற்பலகைக்குக் கருங்காலி கேட்பவர்கள் பெரும்பாலும் மை போலக் கறுத்த துண்டையே கேட்கிறார்கள். அந்த ஆசைக்கு ஒரு விலை இருக்கிறது. டெய்லர் கிட்டார் நிறுவனத்தின் பாப் டெய்லர் 2011இல் கேமரூன் நாட்டில் கருங்காலி அறுக்கும் ஆலையில் பங்குதாரரானபோது தெரியவந்ததை வெளிப்படையாகச் சொன்னார்: முழுக் கறுப்பான ஒரு மரம் கிடைப்பதற்குள் பத்து மரம் வரை வெட்டப்படுகிறது, பழுப்புக் கோடு தெரிந்த மற்றவை காட்டிலேயே மட்கக் கிடக்கின்றன. வெட்டிப் பார்க்காமல் உள்ளே நிறம் தெரியாது. அதற்குப் பிறகு அந்த நிறுவனம் கோடு விழுந்த கருங்காலியையும் தன் கருவிகளில் வைக்கத் தொடங்கியது. ஒலியிலோ உறுதியிலோ இரண்டுக்கும் வேறுபாடு இல்லை. கோடுள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள். எழுதுபவரின் இரண்டாவது டெனரில் பன்னிரண்டாம் மெட்டின் அருகே ஒரு காப்பி நிறக் கோடு ஓடுகிறது; இன்று கருவியில் அவருக்குப் பிடித்த இடம் அதுதான்.

ரோஸ்வுட், அதாவது தென்னிந்தியக் காடுகளின் ஈட்டி மரம், கொஞ்சம் சட்டம் கலந்த விஷயம். ரோஸ்வுட் இனம் முழுவதும் 2017 ஜனவரி 2 முதல் சைட்டிஸ் என்ற பன்னாட்டு வணிக ஒப்பந்தத்தின் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. இசைக்கருவி செய்பவர்களும் வாசிப்பவர்களும் எல்லைகளில் பட்ட பாடு கொஞ்சமல்ல. 2019 நவம்பர் 26 முதல் செய்து முடித்த கருவிகளுக்கு விலக்குக் கிடைத்தது. ஆனால் பிரேசில் ரோஸ்வுட்டுக்கு அந்த விலக்கு இல்லை. 1992 முதல் அது மிகக் கடுமையான பட்டியலில் இருக்கிறது. பழைய கருவியிலிருந்து கழற்றிய பிரேசில் ரோஸ்வுட் என்று யாராவது ஆசை காட்டினால், வெளிநாட்டிலிருந்து அதை வரவழைப்பவர் சான்றிதழ் இல்லாமல் தொடவே கூடாது. கோஆவுக்கு இத்தகைய தடை இல்லை. ஆனாலும் மரம் எங்கிருந்து வந்தது என்று கேட்பது வாங்குபவரின் உரிமை. 1793இல் கேப்டன் வான்கூவர் கொண்டுவந்து இறக்கிய மாடுகள் பெருகி, இளங்கன்றுகளை மேய்ந்து, கோஆக் காடுகளைப் பெருமளவு அழித்துவிட்டன. பட்டுப்போன, காற்றில் விழுந்த மரத்தை எடுக்கும் பட்டறைகளும், கன்று நட்டு வளர்க்கும் நிலங்களிலிருந்து வாங்கும் பட்டறைகளும் அங்கே உண்டு. நல்ல பட்டறைக்காரர் எந்த மலைச்சரிவு என்பது வரை சொல்வார். ஹீலோக்காரர் சொன்னார்.

இனி ஈரம். முதல் டெனர் சென்னைக்கு வந்த ஐந்தாம் மாதம் அதன் முதுகில் மயிரிழைப் பிளவு விழுந்தது. பகலெல்லாம் கடற்காற்றின் ஈரம், இரவெல்லாம் ஏ.சி. அறையின் வறட்சி. மரம் நீளவாக்கில் அசையாது. குறுக்குவாக்கில்தான் விரிந்து சுருங்கும், பிளவு நார் வழியே ஓடும். உள்ளே சிறு கட்டை வைத்து ஒட்டிச் சரிசெய்ய வேண்டியதாயிற்று. கருவிக்கு உகந்தது 45 முதல் 55 விழுக்காடு ஈரப்பதம். மின்சாதனக் கடையில் கிடைக்கும் சின்ன ஈரமானி ஒன்றைப் பெட்டிக்குள் போட்டு வையுங்கள். அதை விட முக்கியம், ஆர்டர் கொடுக்கும்போதே "கருவி சென்னையில் இருக்கும்" என்று சொல்லிவிடுவது. மரத்தை எத்தனை ஆண்டு பாடம் செய்தார், எந்த ஈரப்பதத்தில் ஒட்டுகிறார் என்றும் கேளுங்கள். தயங்காமல் எண்ணாகப் பதில் சொல்பவரிடம் முன்பணம் கொடுக்கலாம். பள்ளிக்கூடத்துக்கும் பேருந்துப் பயணத்துக்கும் கருவி தேவைப்படுபவருக்கு முழுமரக் கருவியே வேண்டாம் என்பது எழுதுபவரின் உறுதியான கருத்து. அடுக்குப் பலகையில் செய்தது ஒலியில் ஒரு படி கீழே இருந்தாலும் எந்தக் காற்றையும் தாங்கும்.

ஹீலோவில் கடைசியாக முடிவானது இது: மேல்பலகை, அந்த அலங்காரமில்லாத மூன்றாவது கோஆ. முதுகும் பக்கமும் பூவரசு. கழுத்து மஹோகனி. விரற்பலகை கோடுள்ள கருங்காலி. மேல்பலகையை எத்தனை மில்லிமீட்டருக்கு இழைப்பது என்று எழுதுபவர் கேட்டதற்கு, "இழைக்க இழைக்கத் தட்டிக்கொண்டே இருப்பேன், அது சொல்லும்போது நிறுத்துவேன்" என்றார் பட்டறைக்காரர். ஆறு மாதம் கழித்துக் கருவி வந்தது. எடை 590 கிராம். இரவில் வாசித்தால் பக்கத்து வீட்டில் கேட்கிறது.